அது காதலா, பயமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல பழைய சோல் பாட்டுங்களப் (அமெரிக்க கறுப்பின மக்களோட இசை வகை) பத்தி வந்த கட்டுரை படிச்சேன். நல்லாதான் இருந்துச்சு, ஆனா அமெரிக்கப் பாடகி எட்டா ஜேம்ஸ் பாடின 'ஐட் ரேதர் கோ பிளைண்ட்' (அதுக்கு கண்ணு குருடாப் போனாலே தேவலன்னு அர்த்தம்) பாட்டுக்கு "காதலின் உச்சம்"னு தலைப்பு வெச்சிருந்தீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது.

அந்தப் பாட்டுல நடக்குறது என்ன? அவன் இன்னொருத்தி கூட பேசிட்டிருக்கறத இவ பாக்குறா, அவ்ளோதான், யாரும் எதுவும் சொல்லல, அதுக்குள்ள இவ மனசு முடிஞ்சு போச்சுன்னு தீர்ப்பு எழுதிடுது. நீ விட்டுட்டுப் போறத பாக்குறதுக்குப் பதிலா என் கண்ணு அவிஞ்சே போகட்டும்ங்குறா. அதோட விட்டாளா, எனக்கு விடுதலையே வேணாம்னும் சொல்றா. கட்டுரை எழுதினவர் இந்த வரிய எப்படி விட்டாருன்னு தெரியல, பாட்டோட முடிச்சே அங்கதான் இருக்கு. அவன் எப்படிப்பட்ட ஆளு, நல்லவனா கெட்டவனா, ஒண்ணும் கிடையாது. அவனோட முத்தமும் அணைப்பும் ஞாபகத்துக்கு வருது, மத்தபடி பூரா பயம்தான்.

கிடார் தெரிஞ்சவங்க வாசிச்சுப் பாருங்க, முழுப் பாட்டுக்கும் ரெண்டே ரெண்டு கார்ட்தான் (சில ஸ்வரங்கள ஒண்ணா சேத்து வாசிக்கறது). அதுலயே சுத்திச் சுத்தி வரும், வெளிய போக வழியே இருக்காது. நானும் ஒரு காலத்துல அப்படித்தான் இருந்தேன், ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தரோட லாஸ்ட் சீன் பாத்துட்டு, போன கவுத்து வெச்சிட்டு, ஒரு நிமிஷத்துல திரும்ப எடுத்து பாத்துட்டு, அப்போ இதே பாட்டுதான் லூப்ல ஓடும். அத காதல்னுதான் நானும் நெனச்சேன்.

நம்ம வள்ளுவரு இதுக்குன்னே 'கண்விதுப்பழிதல்'னு (பாக்கத் துடிச்சு கண்ணு தவிக்கறது) ஒரு அதிகாரமே போட்டிருக்காரு. அன்னைக்கு அவசரமா ஓடிப் போயி அவர பாத்ததும் இந்தக் கண்ணுதான், இன்னைக்கு உக்காந்து அழுவுறதும் இதே கண்ணுதான், சிரிப்பா இருக்குங்குறா அந்தப் பொண்ணு (1173வது குறள்). அவளுக்கும் பிரிவுதான், ஆனா தன்னப் பாத்து சிரிக்க முடியுது. எட்டா பாடுறவளால முடியல. கையில இருக்குற கிளாஸ உதட்டுக்கிட்ட கொண்டு போறா, அதுல தெரியுற முகத்த பாத்தப்புறம்தான் தான் அழுதுட்டிருக்கறதே அவளுக்கு தெரியுது!

பாட்டு மேல எனக்கு ஒரு குறையும் இல்லீங்க, பயத்த அந்தம்மா பயமாவே பாடிட்டாங்க, நாமதான் அதுக்கு காதல்னு பேர் வெக்கிறோம்.

அப்புறம் ஒரு சின்ன திருத்தம். இது தனியா சிங்கிளா வந்த பாட்டுன்னு போட்டிருக்கீங்க. 1967ல அலபாமால மஸில் ஷோல்ஸ்ங்கற ஊர்ல, ஃபேம் ஸ்டுடியோல பதிவு பண்ணது, அவங்களோட இன்னொரு பாட்டான 'டெல் மாமா' ரெக்கார்டோட பின்பக்கத்துலதான் வந்துச்சு.

இப்படிக்கு,
உங்கள் வாசகி