அகில ஜப்பான் ஜூடோ கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு வணக்கம்.

2004 முதல் நடத்திவந்த தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசியத் தனிநபர் போட்டியை இனி நடத்தப்போவதில்லை என்று 2022 மார்ச்சில் அறிவித்தீர்கள். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் போட்டிக்காக எடை குறைக்கச் சொல்வது, நடுவரைப் பார்த்துப் பெற்றோரும் பயிற்சியாளர்களும் கத்துவது என்று நிலைமை கெட்டுப்போயிருந்தது. ஜூடோவை நேசிக்கும் ஒருவனாக அந்த முடிவை மனதார வரவேற்றேன். யார் கேட்டாலும் அதிலிருந்து பின்வாங்கிவிடாதீர்கள்.

நான் இப்படிக் கேட்பதற்கான நியாயம் உங்கள் மொழியிலேயே இருக்கிறது. இன்று ஜூடோ உடை அணிந்த யாரையும், ஆறு வயதுக் குழந்தையைக்கூட, உலகம் ‘ஜூடோகா’ என்கிறது. ‘ஜூ’ என்றால் மென்மை, வளைந்துகொடுப்பது. ‘டோ’ என்றால் வழி. சரி, அந்தக் ‘கா’? அது வீட்டைக் குறிக்கும் எழுத்து. மேலே கூரை, அதன் கீழே பன்றி என்று பழங்காலத்தில் உருவானது. ஒரு கலையையே தன் வாழ்க்கையாக்கிக்கொண்டவரின் பெயரோடு அது ஒட்டிக்கொள்ளும்; இசைக் கலைஞரை ‘ஓங்ககுகா’ என்பது அப்படித்தான். முன்பெல்லாம் கறுப்புப் பட்டையில் நான்காம் ‘டான்’ என்ற படிநிலையை எட்டியவர்களைத்தான் ஜூடோகா என்பது மரபு. மற்றவர்கள் ‘கென்க்யூசெய்’, அதாவது ஆராய்ந்து கற்கும் மாணவர்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. 1882இல் எய்ஷோஜி கோயிலில் 12 ததாமி பாய்களை விரித்துக் கோதோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய, ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ, தொழிலால் ஆசிரியர். பழைய தற்காப்புக் கலையான ஜுஜுத்சுவின் ‘ஜுத்சு’வை, அதாவது வெறும் உத்தியை, விட்டுவிட்டு ‘டோ’வை அவர் எடுத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அகியோ காமினாகாவை அழுத்திப் பிடித்து வென்ற நெதர்லாந்து வீரர் ஆன்டன் ஹேசிங்க், கொண்டாட ஓடிவந்த தன் நாட்டவரைக் கையை உயர்த்தித் தடுத்தார். மேடையில் தோற்றவர் இன்னும் இருந்தார். ஜூடோகா என்றால் எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வரும்.

அந்த நிதானம் பதினோரு வயதில் பதக்கத்தைத் துரத்தினால் வராது. 1983 முதல் 2011 வரை ஜப்பானியப் பள்ளிகளில் ஜூடோவால் 118 பிள்ளைகள் இறந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பலருக்குத் தலையில் அடி. புதிதாகச் சேர்ந்தவர்களும் அவர்களில் பலர்.

அதனால் இரண்டு கோரிக்கைகள். உள்ளூர்ச் சிறுவர் போட்டிகளிலும் எடை குறைப்பைத் தடுத்து நிறுத்துங்கள். ‘உகெமி’, அதாவது அடிபடாமல் விழும் முறை, நன்றாகக் கைவரும்வரை எந்தப் பிள்ளையையும் யாரும் முழு வேகத்தில் தூக்கி எறிய விடாதீர்கள்.

அன்புடன்,
ஒரு ஜூடோ ரசிகன்