காலை நேரம் இனி எனக்கு

சார்,

என் வயலின் வகுப்பில் புதிதாக யாரையும் சேர்த்துக்கொள்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். காலை வகுப்புகளையும் நிறுத்தியாகிவிட்டது. உங்களிடம் கேட்காமல் செய்ததில் கோபம் இருக்கும், தெரியும். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள், நானும் வழக்கம்போலத் தலையாட்டியிருப்பேன்.

காலை நேரம் இனி என் சாதகத்துக்கு, என் சொந்தப் பயிற்சிக்கு. பெரிய லட்சியமெல்லாம் எழுதி ஒட்டவில்லை. மேடை கிடைப்பது நம் கையிலா இருக்கிறது? பைரவி ராகத்து அட தாள வர்ணம், இரண்டு காலத்திலும், அதாவது முதல் வேகத்திலும் அதன் இரட்டிப்பிலும், காலப்பிரமாணம் ஓடாமல், பிடித்த வேகம் மாறாமல். வாரம் ஒருமுறை போனில் பதிவு செய்து மறுநாள் கேட்பது, ஏனென்றால் சூட்டோடு சூடாகக் கேட்டால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் தோடி ராகத்தில், தாளமில்லாமல் ஒரு சின்ன ஆலாபனை, நீங்கள் கொடுத்த பிடிகளை, அந்த ராகச் சொற்றொடர்களைத் தொடாமல். அவ்வளவுதான்.

அந்தச் சாயங்காலம் உங்களுக்கு நினைவிருக்குமா தெரியவில்லை. அன்று கல்பனாஸ்வரம், அந்தந்த நேரம் தோன்றும் ஸ்வரங்களைக் கோத்து வாசிப்பது, ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்று வில்லுக்கு ரோசின் போட்டு, சுருதி சேர்த்து, உட்கார்ந்திருந்தேன். நீங்கள் கதவுப் பக்கம் கைகாட்டி, "அந்தச் சின்னப் பசங்களுக்கு சரளி வரிசை பாத்துக்கோயேன், உனக்குப் பொறுமை ஜாஸ்தி" என்றீர்கள். பாராட்டுதான். அடுத்த அறையில் நான் அந்த ஆரம்பப் பாடத்தின் மூன்று காலத்துக்கும் தாளம் போட்டுக்கொண்டிருக்க, சுவருக்கு அந்தப் பக்கம் மற்றவர்கள் ஸ்வரம் வாசிப்பது கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த மற்றவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் இதற்கு மேல் வேண்டாம்.

அந்தப் பசங்களில் ஒருத்திதான், ஆரம்பப் பாடங்களின் ராகமான மாயாமாளவகௌளையில் ச ரி க ம-வுக்கு ஒரு தந்தியில் விரல் எங்கெங்கே விழுகிறதோ, அடுத்த தந்தியில் ப த நி ச-வுக்கும் அதே இடம்தான் என்று கண்டுபிடித்துச் சொன்னாள். அத்தனை காலம் வாசித்த என் விரலுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. யாருக்காவது விரல் தப்பினால் ஏன் தப்புகிறது என்று இன்று சொல்ல முடிகிறதென்றால் அது அந்த அறையில் வந்ததுதான். அதற்காக நீங்கள் செய்தது சரி என்று ஆகிவிடாது சார்.

இருக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு இலக்கு வைத்திருக்கிறேன். எத்தனை கீதம், அந்த ஆரம்பப் பாட்டுகள், முடிந்தது என்ற கணக்கு இனி இல்லை. நான் கூட வாசிக்காமல், தம்பூரா மட்டும் ஒலிக்க, அலங்காரம் என்ற தாளப் பயிற்சி முழுவதும் சுருதி விலகாமல் வாசிக்க வேண்டும். எங்களுக்கு நீங்கள் செய்ததுதான். அப்படி யாரும் இப்போது உட்கார்ந்து கேட்பதில்லை.

வர்ணத்தின் பின்பாதியில் சரண ஸ்வரங்களுக்கு வரும்போது இரண்டாம் காலம் ஓடுகிறது. மெட்ரோனோம் வைத்தால் நிற்கிறது, எடுத்தால் மறுபடி ஓட்டம். அதற்கு ஒரு வழி சொல்லுங்கள். சண்டையை நேரில் வைத்துக்கொள்ளலாம்.