ஏ.இ.டி. கருவிகளைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"நடைப்பயிற்சியில் இருந்தவர் திடீரென மயங்கி விழுந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியிலேயே உயிர் பிரிந்தது." இப்படி ஒரு செய்தியை நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். சில நேரம் அது ஷட்டில் கோர்ட், சில நேரம் ஜிம், கல்யாண மண்டபம், மலைக்கோவில் படிக்கட்டு. இறந்தவரின் வயது, தொழில், எத்தனை பிள்ளைகள் எல்லாம் எழுதுகிறீர்கள். அவர் விழுந்ததற்கும் வண்டியில் ஏற்றியதற்கும் நடுவே சுற்றி நின்றவர்கள் என்ன செய்தார்கள், அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருந்தது என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. அதைப் பற்றியும், தாறுமாறாக அதிரும் இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுத்துப் பழைய துடிப்புக்குக் கொண்டுவர உதவும் ஏ.இ.டி. என்ற தானியங்கிக் கருவியைப் பற்றியும்தான் இந்தக் கடிதம்.

என்ன நடக்கும் என்று நமக்கே தெரியும். கூட்டம் கூடும். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிப்பார், ஒருவர் உள்ளங்காலைத் தேய்ப்பார், வலிப்போ என்று பயந்து இன்னொருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார். விழுந்தவர் வாயைத் திறந்து திறந்து திணறுவதைப் பார்த்து "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று எல்லோரும் கொஞ்சம் ஆறுதல் அடைவார்கள். இதயம் செயலிழந்த பிறகும் சில நிமிடங்கள் அப்படித் திணறல் வரலாம், அது உண்மையான மூச்சு இல்லை. கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு இயல்பாக இல்லை என்றால் உடனே 108க்குச் சொல்லிவிட்டு நடு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து வேகமாக, அழுத்தமாக, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த ஆரம்பிக்க வேண்டும்.

ஆனால் அழுத்துவது நேரத்தை நீட்டித்துத் தருமே தவிர, பெரும்பாலும் இதயத்தை மறுபடி ஓட வைக்காது. இப்படித் திடீரென விழுகிற பலருக்கு இதயம் முழுதாக நின்றிருக்காது, தாறுமாறாக அதிர்ந்துகொண்டிருக்கும், ரத்தம் மட்டும் ஓடாது. அந்தக் கட்டத்தில் ஒரு மின் அதிர்ச்சி கொடுத்தால்தான் பழைய துடிப்புக்கு வர வழி உண்டு. நெஞ்சை அழுத்தவும் ஆள் இல்லாமல் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்கிறார்கள் மருத்துவர்கள். 108 சேவையை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் காப்பாற்றிய உயிர்கள் கணக்கில் அடங்காது. ஆனாலும் காலை ஒன்பது மணிக்கு எங்கள் கோவை அவிநாசி சாலையில் எவ்வளவு கெட்டிக்கார ஓட்டுநராலும் ஐந்து நிமிடத்தில் வந்து சேர முடியுமா?

இந்த இடைவெளிக்காகச் செய்ததுதான் ஏ.இ.டி. கருவி. 1965இல் பெல்ஃபாஸ்ட் நகரில் டாக்டர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் முதன்முதலாக ஆம்புலன்ஸில் ஏற்றிய டீஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி) கார் பேட்டரியில் ஓடியது, எடை சுமார் 70 கிலோ. இன்றைக்கு அது ஒரு டிபன் பாக்ஸ் பை அளவுக்கு வந்துவிட்டது. மூடியைத் திறந்தால் (சிலவற்றில் பட்டனை அழுத்தினால்) அதுவே பேச ஆரம்பிக்கும்: சட்டையை விலக்கு, ஒட்டுப் பட்டையை எடு, படத்தில் இருப்பதுபோல் ஒட்டு. ஒன்று நெஞ்சின் வலப்பக்கம் காறை எலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாப்பக்கம். பிறகு "யாரும் தொடாதீர்கள்" என்று சொல்லி இதயத்தின் துடிப்பை அதுவே படிக்கும். ஷாக் தேவை என்றால்தான் கொடுக்கும். தேவையில்லாதவருக்கு நாமே பட்டனை அழுத்தினாலும் கொடுக்காது. அதனால், தெரியாமல் எதையாவது செய்து கொன்றுவிடுவோமோ என்ற பயத்துக்கே இடமில்லை.

படிக்காதவன், பயிற்சி இல்லாதவன் இதைக் கையாள முடியுமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு விஷயம். 1999இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், இந்தக் கருவியைப் பார்த்தே இராத ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பொம்மை ஒன்றின்மேல் ஷாக் கொடுக்கச் சராசரியாக 90 விநாடி எடுத்துக்கொண்டார்கள். தொழில்முறை ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு ஆனது 67 விநாடி. சிகாகோ விமான நிலையங்களில் வேகமாக நடந்தால் ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் எட்டுகிற தூரத்துக்கு ஒன்றாக இந்தக் கருவிகளை மாட்டிவைத்தார்கள். இரண்டு வருடத்தில் காப்பாற்றப்பட்டவர்கள் 11 பேர், அதில் 6 பேரைக் காப்பாற்றியவர்கள் இதற்கு முன் கருவியைத் தொட்டதும் இல்லை, அதற்கான பயிற்சி எடுத்ததும் இல்லை. பெட்டி கண்ணெதிரே மாட்டியிருந்தது, ஓடிப்போய் எடுத்தார்கள்.

நம் ஊரில் பிரச்சனை அங்கேதான். பெரிய பெரிய வளாகங்களில் ஏ.இ.டி. வாங்கி வைத்திருக்கிறார்கள், சரி. ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) வாசலில் இருந்த காவலாளியிடம் அது எங்கே இருக்கிறது என்று விசாரித்தேன். "மேனேஜர் ரூம்ல இருக்கு சார், ஞாயித்துக்கிழமை ரூம் பூட்டியிருக்கும்" என்றார். திருட்டுப் போய்விடும் என்ற பயம் புரிகிறது, விலை ஒரு லட்சம் ரூபாய்க்கு முன்னே பின்னே. அலாரம் வைத்த கண்ணாடிப் பெட்டியில் மாட்டுங்கள், கேமராவுக்கு நேரே மாட்டுங்கள். தீயணைப்பான் சிலிண்டரைப் பூட்டியா வைக்கிறோம்? அந்தக் காவலாளிக்குக் கற்றுக் கொடுங்கள் என்பதும் முக்கியம். அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் காவலாளிகளிடம்தான் கருவியைக் கொடுத்தார்கள். கண்முன்னே விழுந்து 3 நிமிடத்துக்குள் முதல் ஷாக் கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள், 3 நிமிடம் தாண்டியவர்களில் 49 சதவீதம். 2000ஆம் ஆண்டிலேயே வெளிவந்த கணக்கு இது.

அப்புறம் மொழி. நம்மிடம் விற்கிற கருவிகளில் பல ஆங்கிலத்தில் பேசுகின்றன. அந்தப் பதற்றத்தில், கூச்சலுக்கு நடுவில், டீக்கடைக்காரரோ பூ விற்கும் அம்மாவோ ஆங்கிலக் கட்டளையைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. குரலும் எழுத்தும் தமிழில் இருந்தால்தான் வாங்குவோம் என்று அரசு டெண்டரில் ஒரு வரி போடட்டும், கம்பெனிகள் செய்து தருவார்கள். இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்.

பெண்கள் விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். மேலாடையை விலக்க வேண்டுமே என்று தயங்கியே ஆண்கள் கிட்டே போக மாட்டார்கள். நான்கு பெண்கள் சேலையையோ துப்பட்டாவையோ பிடித்துச் சுற்றி மறைத்து நின்றால் போதும், உள்ளே ஒருவர் பட்டையை ஒட்டிவிடலாம். தாலிச் சங்கிலியைக் கழற்றக்கூடத் தேவையில்லை, பட்டைமேல் படாமல் ஓரமாக ஒதுக்கினால் சரி. வியர்வையைத் துண்டால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டாது. முதலுதவிப் பயிற்சி முகாம் நடத்துகிறவர்கள் இந்த மாதிரி விஷயங்களைச் சொல்லித் தர வேண்டும்.

"நமக்கேன் வம்பு, போலீஸ் கேஸ் ஆகும்" என்ற பேச்சுக்கும் பதில் வேண்டும். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு உதவி செய்பவரைக் காப்பாற்றுகிறது, ஆனால் அது வாகன விபத்துக்கு மட்டும். ஒருவர் நினைவில்லாமல் கிடக்கும்போது அவருடைய நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்வது குற்றமாகாது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 30ஆவது பிரிவு பொதுவாகச் சொல்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? இப்படி இதயம் செயலிழந்து விழுந்தவருக்கு உதவுகிறவருக்கும் பாதுகாப்பு உண்டு என்று அரசு வெளிப்படையாக ஒரு ஆணை போட்டு, அந்த வரியைப் பெட்டியின் மேலேயே ஒட்டினால் பாதிப் பேருக்குத் தயக்கம் போய்விடும்.

தமிழக அரசு இதயத்துக்காக ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2023இல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் கிடைக்கும்படி செய்தார்கள், நல்ல திட்டம். ஆனால் அது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறவருக்கானது. நினைவு தப்பி விழுந்தவரால் மாத்திரையை விழுங்க முடியாது. அதே ஆண்டு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை திறந்தார்கள். நடக்கச் சொன்ன அரசு அந்தப் பாதைகளில் இரண்டு மூன்று இடத்திலாவது இந்தப் பெட்டியை வைக்கலாமே. 2021இல் நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் இறந்த பிறகு, பக்கத்துக் கர்நாடகம் அவர் பெயரிலேயே பொது இடங்களில் ஏ.இ.டி. வைக்கும் திட்டத்தை அறிவித்தது.

வாங்கி மாட்டிவிட்டு மறந்துபோவதும் கூடாது. பேட்டரிக்கும் பட்டைகளுக்கும் காலாவதித் தேதி உண்டு, மாதம் ஒருமுறையாவது தயார்நிலை விளக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும். பெரும்பாலான கருவிகள் 50 டிகிரி வெப்பம் வரைதான் தாங்கும், நம் வெயிலில் நேரே காய்கிற தூணில் மாட்டினால் வீணாகிவிடும்.

எங்கள் கோவைக்காரர்களுக்கு அவசரமாக வேண்டியது வெள்ளியங்கிரியில். ஏழு மலை, செங்குத்து, வண்டி போக வழியில்லை, டோலி கட்டித்தான் இறக்க வேண்டும். ஒவ்வொரு சீசனிலும் ஏறும்போது நெஞ்சுவலி வந்தும் மூச்சு முட்டியும் பக்தர்கள் இறந்த செய்தியை நீங்களே வெளியிட்டிருக்கிறீர்கள். சபரிமலைப் பாதையில் கேரள அரசு நெடுக அவசர சிகிச்சை மையங்கள் வைத்து நடத்துகிறது. பூண்டி அடிவாரத்திலும் ஏறுகிற வழியில் கடைகள் இருக்கும் இடங்களிலும் கருவியை வைத்து, கடைக்காரர்களுக்கும் டோலி தூக்குகிறவர்களுக்கும் அரை நாள் பயிற்சி கொடுக்க வனத்துறையும் அறநிலையத்துறையும் சுகாதாரத்துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு கூட்டத்தில் முடிவு எடுத்துவிடலாம். பிப்ரவரியில் மலை திறக்கும். அதற்குள் செய்வார்களா என்று உங்கள் நிருபர் மாவட்ட ஆட்சியரிடம் கேட்டு, பதிலை இதே பக்கத்தில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வடவள்ளி, கோவை