தேரிக்காட்டுச் சபைகளுக்குக் கோதாவரிக் கரையிலிருந்து ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான சேகரகுருவானவர் ஐயா அவர்களுக்கும், சபை ஊழியர்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மாருக்கும், வாலிபர் சங்கத்துத் தம்பி தங்கையருக்கும், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் பணித்தளத்திலிருந்து எங்கள் குடும்பத்தாரின் அன்பின் ஸ்தோத்திரங்கள்.

2022ஆம் ஆண்டு ஜூலை வெள்ளத்தின்போது நீங்கள் அனுப்பிய உதவிக்கு அப்போதே தொலைபேசியில் நன்றி சொன்னோம். என்றாலும், அந்த உதவி அந்த மழைக்காலத்தோடு நின்றுவிடாமல் இன்றுவரை தொடர்ந்து வருவதாலும், அதனால் இங்கே என்ன நடந்தது என்பதைச் சபையார் அனைவரும் அறிய வேண்டும் என்பதாலும், இம்மடலை எழுதுகிறோம்.

தெலங்கானாவிலுள்ள பத்ராசலத்தில் கோதாவரி 53 அடியைத் தொட்டாலே மூன்றாவது, அதாவது இறுதி எச்சரிக்கை விடுப்பார்கள். அந்த ஆண்டு ஜூலை 16 அன்று ஆறு 71 அடியையும் தாண்டியது. 1986ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு அவ்வளவு தண்ணீரை இந்தக் கரை பார்த்ததில்லை. வெள்ள நிவாரண முகாமில் இருந்தவரை மக்களுக்குச் சோறு கிடைத்தது. முகாமிலிருந்து ஊர் திரும்பிய பிறகுதான் உண்மையான துன்பம் தொடங்கியது. இங்குள்ள பழங்குடியினரான கோயா மக்களின் வீடுகளில் மூங்கில் தட்டியின் மேல் பூசியிருந்த மண் முழுவதும் கரைந்து போயிருந்தது. விதைக்கென்று வைத்திருந்த சோளம் அழுகிப்போயிருந்தது. தண்ணீர் வடிந்த இடமெல்லாம் கொசு பெருகி, மலேரியாக் காய்ச்சல் வீட்டுக்கு வீடு வந்தது.

அந்த நாட்களில்தான் உங்கள் பணம் எங்களை வந்தடைந்தது. அது எப்படிச் சேர்ந்த பணம் என்பதை அறிந்திருந்ததால் அதைச் செலவிடவே எங்களுக்குப் பயமாயிருந்தது என்று மறைக்காமல் சொல்கிறோம். உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு, மாதக் கடைசியில் ஆலயத்துக்குக் கொண்டுவந்து கொட்டும் தாய்மாரின் காணிக்கை அதில் இருந்தது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில், தம் தோட்டத்திலிருந்து தாமே படைத்த வாழைத்தாரைத் தாமே மும்மடங்கு விலை சொல்லி எடுத்தவர்களின் பணம் இருந்தது. கருப்பட்டி விற்ற காசும், பிள்ளைகளின் உண்டியல் சில்லறையும் இருந்தன. பனையேற்றம் குறைந்து, கிணறுகளில் உப்பேறி, ஊரில் பாதிப்பேர் பிழைப்புக்கு வெளியூர் போய்விட்ட சபைகள் அனுப்பிய பணம் அது. அந்தப் பணத்தில் தார்ப்பாய், கொசுவலை, விதைச்சோளம், சமையல் பாத்திரம் ஆகியவற்றை வாங்கினோம். பணத்தோடு நில்லாமல் வாலிபர்கள் சிலர் புறப்பட்டு வந்தார்கள். டோர்னக்கல் சந்திப்பில் பிரியும் கிளைப்பாதையில் கொத்தகூடம் வந்து இறங்கி, இங்குள்ளவர்களோடு சேர்ந்து மண் குழைத்துச் சுவர் பூசினார்கள். அவர்களுக்குத் தெலுங்கும் தெரியாது, கோயா பேச்சும் தெரியாது. ஆனால் இரண்டு பக்கத்தாருக்கும் பனைமரம் தெரியும். பாளை சீவுவதைப் பற்றிக் கைச்சாடையிலேயே நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இவை அனைத்துக்கும் மேலாக, நீங்கள் எங்களிடம் கேட்காத ஒன்றுக்காக நாங்கள் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று நீங்கள் கேட்கவேயில்லை. பணித்தளத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியின் பாரம் தெரியும். கொடுப்பவர் எண்ணிக்கை கேட்டால், கொசுவலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஊழியன், அதை வாங்க வருகிறவனைத் தன்னையறியாமலே வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கிவிடுவான். வாங்குகிறவனுக்கும் அது உடனே தெரிந்துவிடும். நீங்கள் கேட்காததால், ஜெபத்துக்கு வருகிறவர், வராதவர், எங்களை வர வேண்டாம் என்று முன்பு சொன்னவர் என்ற வேறுபாடின்றி ஊர்ப் பெரியவர்கள் தந்த வரிசைப்படியே எல்லாவற்றையும் பகிர முடிந்தது. உதவியைத் தூண்டில் இரையாக்கும் ஊழியம் கர்த்தருக்கும் ஆகாது, மனிதருக்கும் ஆகாது என்பதே எங்கள் உறுதியான எண்ணம். அந்த எண்ணத்தின்படி நடக்க உங்கள் பெருந்தன்மை எங்களுக்கு இடம் கொடுத்தது.

அப்படியானால் விசுவாசத்தைப் பகிர்வது எப்போது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கேட்கப்பட்டபோது பகிர்ந்தோம். வீடுகள் எழும்பிய பின்பு ஒரு முதியவர் எங்கள் திண்ணைக்கு வந்து, உறவும் இல்லை, ஒரே மொழியும் இல்லை, எங்களைப் பார்த்ததுகூட இல்லை, அந்த ஊர்க்காரர்கள் எதற்காக இதைச் செய்தார்கள் என்று கேட்டார். அவர் கேட்டதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லியிருந்தால் அது அவருக்குச் செய்த துரோகமாகியிருக்கும். கிறிஸ்து ‘ஐசுவரியமுள்ளவராயிருந்தும், நீங்கள் அவருடைய தரித்திரத்தினாலே ஐசுவரியவான்களாகும்படிக்கு, உங்கள்நிமித்தம் தரித்திரரானாரே’ என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதைத் தெலுங்கில் வாசித்தோம். அவருடைய பேரன் அதைக் கோயா பேச்சில் சொன்னான். அந்த ஊர்க்காரர்கள் இந்த வார்த்தையை நம்புகிறவர்கள், அதனால்தான் கொடுத்தார்கள் என்றோம். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுப் போனார். பின்பு அவர் பலமுறை வந்தார். இப்போது அவருடைய குடும்பத்தார் சிலர் ஆராதனைக்கு வருகிறார்கள், சிலர் வருவதில்லை, ஆனால் எல்லாரும் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறார்கள்.

டோர்னக்கல் வழியாக வாலிபர்கள் வந்ததை நினைக்கும்போதெல்லாம் எங்கள் உள்ளம் பழைய காலத்துக்குப் போகிறது. 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் நம் முன்னோர் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, நம் நாட்டுப் பணத்தைக் கொண்டு, நம் நாட்டு ஊழியரைக் கொண்டு, நம் நாட்டாரின் நடத்துதலிலேயே பணி நடக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அன்று ஹைதராபாத் நிஜாமின் ஆட்சியில் இருந்த டோர்னக்கலைப் பணித்தளமாகக் கொண்டார்கள். அதில் முன்னின்ற வெள்ளாளன்விளை அசரியா 1912இல் அந்த டோர்னக்கலுக்கே பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1910இல், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் மேலைநாட்டு மிஷனெரிகளின் முன்னிலையில் அவர், ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். கொடுக்கும் இடத்தில் இன்று நாம் இருக்கிறோம்; அந்த வேண்டுகோள் இப்போது நம்மை நோக்கித் திரும்பியிருக்கிறது என்றே கருதுகிறோம். சேறு பூசிய கைகளோடு கோயா இளைஞர்களின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்தில் சாப்பிட்ட உங்கள் பிள்ளைகள் அதற்குப் பதில் கொடுத்தார்கள் என்பதை அவர்களுடைய பெற்றோருக்கு இம்மடல் வழியாகத் தெரிவிக்கிறோம்.

இன்னொரு செய்தியும் உண்டு. இங்கே கோடையில் காட்டுக்குப் போய்ப் பீடி இலை பறித்துக் கட்டுக்கட்டி விற்பதே பல குடும்பங்களுக்குக் கையில் ரொக்கம் வரும் காலம். சென்ற கோடையில் பக்கத்து ஊரில் சில வீடுகள் தீப்பிடித்து எரிந்தபோது, இச்சிறிய சபையின் பெண்கள், நாங்கள் எதுவும் சொல்லாமலே, இலைக்கூலியில் ஒரு பங்கையும் சோளத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த ஊரில் ஒரு கிறிஸ்தவரும் இல்லை.

வெள்ள நிவாரணத்தின் வரவுசெலவுக் கணக்கையும் அதன் பிறகு பெற்ற காணிக்கைகளின் கணக்கையும், கடை ரசீதுகளோடு சேகர அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம். பெயர் சொல்லாமல் கொடுத்தவர்களின் காணிக்கை ‘அன்பர்’ என்றே குறிக்கப்பட்டுள்ளது. விவரம் சரிபார்க்க விரும்புவோர் செயலரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். மீதமுள்ள சிறு தொகையை, மழைக்கு முன் கொசுவலைகளுக்கும் பிள்ளைகளின் பாடநூல்களுக்கும் செலவிட உங்கள் ஒப்புதலைக் கேட்கிறோம். தாய்மார் ஒவ்வொருவருக்கும் எங்கள் வணக்கத்தைத் தனித்தனியே சொல்லும்படி சபை ஊழியர்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் மிஷனெரிக் குடும்பத்தார்