திரைச்சீலையை இழுத்துவிட்ட அக்காவுக்கு

கருப்பைக்குப் பதிலாக டியூப்பில், அதாவது கருக்குழாயில், கரு தங்கி எனக்கு ஆபரேஷன் நடந்தது. தையல் பிரித்து நாலு நாள்தான் ஆகிறது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றியைத் தள்ளிப்போடவும் மனம் வரவில்லை.

நள்ளிரவில் ஓடி வந்தவர்களுக்கும், இரத்தம் கொடுத்தவர்களுக்கும், என் வேலைகளைப் பகிர்ந்துகொண்ட தோழிகளுக்கும் நன்றி. தோள் நுனி வலிக்கிறது என்றதுமே, வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் அங்கே வலிக்கும் என்று புரிந்துகொண்டு ஸ்கேனுக்கு விரட்டிய இளம் டாக்டருக்கும் நன்றி.

இனி அந்த நர்ஸ் அக்காவைப் பற்றி.

ஆபரேஷன் முடிந்த மறுநாள். "ஏன் இப்படி ஆச்சு?" என்று வந்தவர்களெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டியூப்பில் கரு தங்குவதற்கான காரணங்களை நானும் போனில் தேடிப் படித்திருந்தேன். ஒவ்வொரு வரியும் என்னை நோக்கி விரல் நீட்டியது. அப்போதுதான் அக்கா ஒரு படிவத்தோடு வந்தார். எல்லோரையும் பக்குவமாக வெளியே அனுப்பிவிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

முன்பு இப்படி ஆகியிருக்கிறதா, அடிவயிற்றில் ஆபரேஷன் நடந்ததா, புகைப்பழக்கம் உண்டா, காப்பர்-டி போட்டிருந்தாயா, குழந்தைக்காக சிகிச்சை எடுத்தாயா என்று கேட்டு வந்தார். பால்வினைத் தொற்று பற்றிக் கேட்டபோது அழுதுவிட்டேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"குத்தம் கண்டுபிடிக்கக் கேட்கலைம்மா. அடுத்த தடவை உன்னை எவ்வளவு சீக்கிரம் ஸ்கேனுக்குக் கூப்பிடணும்னு தெரியணும், அதுக்குத்தான்."

பிறகு ஒரு தாளின் பின்பக்கத்தில் கருப்பையையும் இரண்டு குழாய்களையும் வரைந்தார். குழாய்க்குள் இருக்கும் மெல்லிய முடிகள்தான் கருவைக் கருப்பைக்குத் தள்ளிவிடுமாம். கிளமிடியா போன்ற பால்வினைத் தொற்று, அறிகுறியே காட்டாமல் வந்துபோனாலும், உள்ளே தழும்பு விட்டுவிடலாம். புகை அந்த முடிகளின் வேலையைக் கெடுக்கும். எனக்குப் பள்ளி நாளில் குடல்வால் வெடித்து ஆபரேஷன் நடந்தது. அதன் தழும்பும் குழாயை ஒட்டிப் பிடித்திருக்கலாம், ஆனால் அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். "இப்படி வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு இந்தப் பட்டியல்ல ஒண்ணுகூட இருக்காதும்மா."

அப்புறம் என்னிடம் கேட்டுக்கொண்டு, என் கணவரைத் தனியாக அழைத்து அதே படத்தைக் காட்டி முழுவதும் விளக்கினார். அவர் வெளியே போய் வீட்டாரிடம் என்ன சொன்னாரோ, அதற்குப் பிறகு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அன்றுதான் நான் தூங்கினேன்.

ஒரு முறை இப்படி ஆனவர்களுக்கு மறுபடி ஆகும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. அதனால் நாள் தள்ளிப்போன உடனே பரிசோதனை, ஆறாவது வாரத்தில் ஸ்கேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். காப்பர்-டி போட்டிருக்கும் என் தங்கைக்கும் சொல்லிவிட்டேன்: அது இருந்தால் கரு தங்குவதே அரிது, ஆனால் அதையும் மீறித் தங்கினால் அது குழாயில் இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். கேட்கிற எல்லாப் பெண்களுக்கும் இதைச் சொல்வேன், குரலைத் தாழ்த்தாமல்.

அக்கா, நீங்கள் வரைந்த தாள் என் ஃபைலில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். தையல் பிரிக்க வந்த அன்று உங்களுக்கு நைட் டியூட்டி என்றார்கள். அடுத்த பரிசோதனைக்கு மாலையில் நேரம் கேட்டிருக்கிறேன். நீங்கள் வேலைக்கு வரும் நேரம்வரை காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் போவேன்.