விஜிக்கு, லேபர் வார்டிலிருந்து

அன்புள்ள விஜி,

எப்படி இருக்கிறாய்? அங்கே குளிர் குறைந்ததா, பாப்பாவுக்கு இருமல் விட்டதா? இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பெரியவன் பன்னிரண்டாம் வகுப்பு என்பதால் நைட் டூட்டி முடித்து வந்தாலும் அவன் டியூஷனுக்குக் கிளம்பிய பிறகுதான் எனக்குப் படுக்கை. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக எழுதினால் சரிப்படாது என்றுதான் இப்படி உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

போன மாதம் பேசும்போது, "அழாமல் பிறக்கிற பிள்ளைக்கு இன்னமும் நீங்கள் தொப்புள்கொடியை உடனே வெட்டிவிடுகிறீர்களா?" என்று கேட்டாய். ஆமாம் என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். ஆனால் அந்த "ஆமாம்" என்னை விடவில்லை.

நாம் டிரெயினிங்கில் இருந்தபோது எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வேகம்தான், ஞாபகம் இருக்கிறதா? வெளியே வந்த கையோடு இரண்டு கிளாம்ப், நடுவில் கத்தரி. அப்புறம் உலக சுகாதார நிறுவனமே ஒரு நிமிடமாவது பொறு, மூன்று நிமிடம் வரை பொறுக்கலாம் என்று சொன்ன பிறகு, அழுகிற பிள்ளைகளுக்கு நாங்களும் பொறுக்கப் பழகிவிட்டோம். தாயின் வயிற்றின் மேல் போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தால் நேரம் போவதே தெரியாது. ரத்தசோகை இல்லாத கர்ப்பிணியைத் தேட வேண்டியிருக்கிற நம் ஊரில், பொறுத்தால் வந்து சேர்கிற ரத்தத்தோடு பிள்ளை முதல் ஆறு மாதத்துக்கான இரும்புச் சத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு வருவது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் அழாத பிள்ளைக்கு? 2009-இல் வந்த, பச்சிளம் பிள்ளைகளைக் காப்பதற்கான அரசின் என்.எஸ்.எஸ்.கே. பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது, உடனே வெட்டு, பிள்ளையைச் சூட்டில் வைக்கிற வார்மருக்குத் தூக்கு என்பதுதான். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தப் பயிற்சி இல்லையென்றால் முதல் ஒரு நிமிடத்துக்குள் மாஸ்க் வைத்து மூச்சு கொடுக்கிற பேக் போட வேண்டும் என்பதே எங்களில் பாதிப் பேருக்குக் கையில் வந்திருக்காது. ஆனாலும் யோசித்துப் பார். கத்தி அழுகிற பிள்ளைக்கு அதன் ரத்தம் முழுதும் போய்ச் சேரட்டும் என்று காத்திருக்கிறோம், துவண்டு கிடக்கிற பிள்ளைக்குத்தான் முதல் ஆளாகக் கத்தரியை எடுக்கிறோம்.

பதினோரு வருடத்துக்கு முன், வேறு ஆஸ்பத்திரியில் இருந்தபோது நடந்ததை உன்னிடம்கூடச் சொன்னதில்லை. நிறைமாதம், இரண்டாவது பிரசவம். தலை வந்தது, கழுத்தில் கொடி இரண்டு சுற்று, விரல் நுழைய இடமில்லை. தோள் வருமுன்பே கிளாம்ப் போட்டு வெட்டினேன், அப்படித்தான் எல்லோரும் செய்தோம். பிள்ளை வெளுத்த துணி மாதிரி வந்தது. நீலமாக இருந்தால்கூட அவ்வளவு பயம் இருந்திருக்காது. பேக் போட்டோம், நெஞ்சு நன்றாக ஏறி இறங்கியது, ஆனாலும் நிறம் வரவே இல்லை. டாக்டர் சலைன் கொடுத்து 108-இல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். எல்லாம் ஓய்ந்த பிறகு, பிரசவத்துக்குப் பின் விழுந்த நஞ்சை டிரேயில் எடுத்து வைத்து, தாய்ப் பக்கத்துக் கிளாம்பைத் தளர்த்தினேன், விஜி. கொடியிலிருந்து ரத்தம் கொட்டியது, டிரேயின் ஓரம் வரை பரவியது. அது தாயின் ரத்தம் இல்லை, அந்தப் பிள்ளையினுடையது. பெரிய ஆஸ்பத்திரியில் அதற்கு யாரோ ஒருவரின் ரத்தத்தை ஏற்றினார்கள் என்று ஆம்புலன்சில் போனவர் பிறகு வந்து சொன்னார். பிழைத்துக்கொண்டது.

அன்று எனக்குக் காரணம் தெரியாது. கொடி இறுகும்போது முதலில் நசுங்குவது சுவர் மெல்லிய சிரை. நஞ்சிலிருந்து பிள்ளைக்கு ரத்தம் வருகிற வழி அதுதான். தமனிகள் தடிமனானவை, அவை பிள்ளையின் ரத்தத்தை நஞ்சுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். போவது போகிறது, வருவது வரவில்லை. அந்த நேரத்தில் வெட்டினால் போன ரத்தம் போனதுதான்.

சுற்றே இல்லாத பிள்ளைக்கும் விஷயம் இருக்கிறது. பிறக்கும் நேரத்தில் பிள்ளைக்கும் நஞ்சுக்கும் பொதுவான ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நஞ்சுப் பக்கம் இருக்கிறது. பொறுத்திருந்தால் நிறைமாதப் பிள்ளைக்கு 80 முதல் 100 மில்லி வரை வந்து சேரும், நம் டீக்கடை கிளாஸ் ஒன்று அளவு. மூன்று கிலோ உடம்புக்கு அது எவ்வளவு என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது இதயத்தின் கதை. வயிற்றுக்குள் இருக்கிறவரை நுரையீரலுக்குப் போகிற ரத்தம் மிகக் கொஞ்சம், இதயம் தள்ளுவதில் பத்தில் ஒரு பங்குதான். இதயத்தின் இடது பக்கம் நிரம்புவதற்குக் கொடிவழி வருகிற ரத்தம்தான் ஆதாரம். பிள்ளை மூச்சு விட்டு நுரையீரல் விரிந்ததும் அங்கிருந்து ரத்தம் திரும்ப ஆரம்பிக்கிறது, கொடியின் வேலையை அது எடுத்துக்கொள்கிறது. மூச்சு வருமுன்பே கொடியைக் கட்டினால் பழைய வழி அடைபட்டுவிட்டது, புது வழி இன்னும் திறக்கவில்லை. இதயம் நிரம்புவதற்கு எதுவும் இல்லாமல் துடிப்பு மடமடவென்று இறங்குகிறது. மெல்போர்னில் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் ஹூப்பர் குழுவினர் குறைமாத ஆட்டுக்குட்டிகளில் இதை அளந்தே காட்டினார்கள், 2013-இல். முதலில் காற்று, பிறகு கட்டு என்று வரிசையை மாற்றியதும் துடிப்பு நிலையாக நின்றது. அப்பா வயலில் சொல்வார், அடுத்த மடையைத் திறக்காமல் இந்த மடையை அடைக்காதே என்று. இதை முதலில் படித்தபோது எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

சரி, மனிதப் பிள்ளைகளில் என்ன தெரிந்திருக்கிறது என்றால், எனக்கு நெருக்கமாகப் பட்டது நேபாளத்தில் செய்த ஆய்வு. காத்மாண்டு பரோபகார் பிரசவ ஆஸ்பத்திரியில் புத்துயிர் தேவைப்பட்ட 231 பிள்ளைகளைப் பார்த்தார்கள். கொடியை வெட்டாமல் தாயின் பக்கத்திலேயே பேக் போட்டு, மூன்று நிமிடம் கழித்து வெட்டிய பிள்ளைகளுக்கு ஆக்ஸிஜன் அளவும், பிறந்தவுடன் பிள்ளையின் நிலைக்குப் போடுகிற ஆப்கார் மதிப்பெண்ணும் கூடுதலாக இருந்தன. கூட்டம் நிரம்பி வழிகிற, நம் ஊர் மாதிரியான இடத்தில் செய்தது என்பதால்தான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

கொடியைப் பிழிவது பற்றியும் கேட்டாய். அமெரிக்கா, கனடா, போலந்து ஆஸ்பத்திரிகளில் 35 வாரத்துக்கு மேற்பட்ட துவண்ட பிள்ளைகள் 1,730 பேரை எடுத்து, உடனே வெட்டுவதையும், 20 செ.மீ. நீளத்தை நான்கு தடவை பிள்ளை பக்கமாக உருவிவிட்டு வெட்டுவதையும் ஒப்பிட்டார்கள். எதை முக்கியமாக எதிர்பார்த்தார்களோ, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ப்பது, அது உடனே வெட்டியவர்களில் 28 சதவீதம், பிழிந்தவர்களில் 23 என்றுதான் வந்தது, உறுதியாகச் சொல்கிற அளவுக்கு வித்தியாசம் இல்லை. ஆனால் மூச்சு, இதய உதவி தேவைப்பட்டது 71-இலிருந்து 61 ஆனது, ஆக்ஸிஜன் குறைவால் வருகிற மிதமான அல்லது கடுமையான மூளைப் பாதிப்பு 3.1-இலிருந்து 1.4 ஆனது. 2023-இல் அமெரிக்க வழிகாட்டுதலும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பிழிவது பரவாயில்லை என்ற அளவுக்கு வந்திருக்கிறது. 28 வாரத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு மட்டும் பிழியக் கையே வைக்கக் கூடாது. அவர்களில் பிழிவதைப் பார்த்த வேறொரு ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்களே, 23 முதல் 27 வாரப் பிள்ளைகளில் மூளைக்குள் கடுமையான ரத்தக் கசிவு பிழிந்தவர்களில் 22 சதவீதம், பொறுத்தவர்களில் 6. எங்கள் ஜூனியர்களிடம் இந்த ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கொடியை வெட்டாமல்தான் பேக் போட வேண்டும் என்று யாரும் இன்னும் கட்டளையாக எழுதிவிடவில்லை, அதுவும் உண்மை. அதனால் நான் வீறாப்பாக எதையும் மாற்றவில்லை. இந்த வருடம் புதிதாக வந்த டாக்டர் மேடத்திடம் எல்லாவற்றையும் காட்டினேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: கொடிக்காக மூச்சு ஒரு நொடிகூடத் தள்ளிப்போகக் கூடாது, ஒரு நிமிடத்துக்குள் பேக் போட முடியாது என்று தோன்றினால் வெட்டிவிட்டுத் தூக்க வேண்டும். நஞ்சு முன்னாடியே பிரிந்து ரத்தம் போனாலோ, கொடி அறுந்தாலோ, தாய்க்கு ரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ பொறுக்கிற பேச்சே இல்லை. எனக்கு முழுச் சம்மதம்.

கட்டிலிலிருந்து வார்மருக்கு எத்தனை அடி என்று ஒருநாள் எண்ணினேன். ஒன்பது. இப்போது டிரெஸ்ஸிங் டிராலி ஒன்றைக் கட்டிலின் கால்மாட்டில் ஒட்டிப் போட்டு, அதில் பேக், 0, 1 இரண்டு மாஸ்க், ஸ்டெத், வார்மரில் சூடு பண்ணிய டவல் இரண்டு. நிறைமாதப் பிள்ளைக்குத் தொடக்கத்தில் வெறும் காற்றே போதும் என்பதால் சிலிண்டரை இழுக்க வேண்டியதில்லை. இத்தனை வருடமாக ஏன் பிள்ளையைச் சாமானிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம், சாமானைப் பிள்ளையிடம் கொண்டுவந்திருக்கலாமே என்று ஆதங்கமாக இருக்கிறது.

தை மாதம் ஒரு நைட், மணி மூன்றிருக்கும். மறுபடியும் அதே இறுக்கமான இரண்டு சுற்று. கை தானாகக் கிளாம்புக்குப் போனது, நிறுத்திக்கொண்டேன். தலையைத் தாயின் தொடையோடு ஒட்டிப் பிடித்து, உடம்பு குட்டிக்கரணம் போடுகிற மாதிரி வெளியே வரவிட்டு, பிறகு சுற்றை அவிழ்த்தேன். பிள்ளை துவண்டு, வெளுத்து, மூச்சில்லாமல். கொடி தட்டையாக, வெறும் வெள்ளை நாடா மாதிரி கிடந்தது. டவலில் போட்டுத் துடைத்து முதுகைத் தேய்த்தும் அசைவில்லை. கட்டிலிலேயே, தாயின் கால்களுக்கு நடுவில், மேடம் மாஸ்க்கைப் பிடித்து பேக்கை அழுத்த ஆரம்பித்தார். நான் தொப்புளை ஒட்டிக் கொடியை இரண்டு விரலில் பிடித்தபடி எண்ணினேன், ஆறு நொடிக்கு ஏழு, அதாவது 70. நெஞ்சு எழும்பி அடங்குகிறது, என் விரலுக்கு அடியில் கொடி மெல்ல உருண்டு தடிக்கிறது, நீலம் ஏறுகிறது. ஆறு நொடிக்குப் பத்து. அப்புறம் பதின்மூன்று. இரண்டு நிமிடம் ஆகுமுன் முகத்தைச் சுளித்து, ஒரு விக்கல், அப்புறம் அழுகை. உதடு சிவந்த பிறகு வெட்டினோம்.

வெளியே பாட்டிக்கு மாலை சுற்றிப் பிறந்தது தெரிந்ததும் தாய்மாமனுக்கு ஆகாதே என்று ஒரே பதற்றம். விடியும்போது கிண்ணத்தில் எண்ணெய் கொண்டுவந்து மாமனை அதில் பிள்ளை முகத்தைப் பார்க்க வைத்தார்கள். நானே பிள்ளையைத் தூக்கிக் காட்டினேன்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது, எங்கள் ஊர் மருத்துவச்சிப் பாட்டி நஞ்சு விழுந்த பிறகுதான் கொடியை அறுப்பாராம், அழாத பிள்ளைக்கு நஞ்சைச் சூடு காட்டுவாராம் என்றார். சூடு காட்டுவதில் பலன் இருப்பதாக நான் நம்பவில்லை, அழுக்குக் கத்தியால் எத்தனை பிள்ளைகள் ஜன்னி கண்டு போயின என்பதும் நமக்குத் தெரியும். ஆனால் அவசரப்பட்டு வெட்டாத அந்தக் கை நம்மிடமிருந்து எப்போது போனது?

இப்போது உன்னிடம் ஒரு உதவி. லிவர்பூலில் இதற்கென்றே ஒரு சின்ன டிராலி உருவாக்கினார்கள், கொடியோடு பிள்ளையைப் படுக்கவைத்துத் தாயின் பக்கத்திலேயே வேலை பார்க்கிற மாதிரி. உங்கள் வார்டில் ஒன்று நிற்கிறது என்று சொன்னாயே. எங்கள் கட்டில் மெத்தை மேடு பள்ளம், மாஸ்க் பிடிக்கும்போது பிள்ளையின் தலை சரிகிறது. கொடியும் எல்லாப் பிள்ளைக்கும் நீளமாக இருப்பதில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரரின் மனைவிக்கு எங்கள் வார்டில்தான் பிரசவம் ஆனது, அளவு கொடுத்தால் செய்து தருகிறேன் என்கிறார். அந்த மேல் பலகையின் நீளம், அகலம், தரையிலிருந்து எவ்வளவு உயரம் வரை ஏற்றி இறக்க முடிகிறது, கட்டிலுக்குள் எவ்வளவு தூரம் நீள்கிறது, இதையெல்லாம் டேப் வைத்து அளந்து, பக்கவாட்டில் ஒரு போட்டோவும் எடுத்து அனுப்பு. அடுத்த ஞாயிறு எனக்கு ஆஃப், அன்று பட்டறைக்குப் போகலாம் என்று இருக்கிறேன்.

பாப்பாவுக்கு என் முத்தம்.

அன்புடன்,
செல்வி