பி.டி.எஃப்-பில் ஒரு பெயரை மாற்ற ஏன் இவ்வளவு நேரம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "ஒரே ஒரு பேர்தான் தப்பா இருக்கு, பி.டி.எஃப்-லயே மாத்திக் குடுங்க" என்று கேட்டு எங்கள் டி.டி.பி. (கணினித் தட்டச்சு, அச்சு) கடைக்கு வருகிறவர்கள் அதிகம். ஆங்கிலம் என்றால் பெரும்பாலும் இரண்டு நிமிட வேலை. தமிழ் என்றால் சில சமயம் பக்கத்தையே புதிதாக அடிக்க வேண்டிவரும், கூலியும் ஏறும். காரணம் இதுதான்.

யூனிகோடில் (இன்று கணினியிலும் போனிலும் தமிழ் அடிக்கும் பொது முறை) 'மகேஷ்' என்று அடித்தால், 'க'வுக்குப் பிறகுதான் அதன் கொம்பு சேமிக்கப்படுகிறது. பி.டி.எஃப் ஆனதும் பல சமயம் கண்ணுக்குத் தெரியும் வரிசைதான் மிஞ்சும்: ம, கொம்பு, க, ஷ். ஆன்லைன் மாற்றிகள் அதை அப்படியே அள்ளி வேர்டில் கொட்டும்போது, கொம்பு முன்னால் இருக்கும் 'ம'வோடு ஒட்டிக்கொண்டு 'மேகஷ்' ஆகிவிடுகிறது. ரமேஷ், 'ரேமஷ்'. அழைப்பிதழில் இப்படி வந்தால் சம்பந்தி வீட்டில் என்ன பேச்சு கிளம்பும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே வேர்ட் அல்லது கூகுள் டாக்ஸ் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். திருத்தத்தை அதில் செய்து, புதிதாக பி.டி.எஃப் எடுங்கள். மூலம் தொலைந்துவிட்டதா? பக்கத்தை ஜேபெக் படமாக மாற்றி, 2 எம்.பி.க்குள் வைத்து, கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். வலது கிளிக், 'ஓப்பன் வித்', 'கூகுள் டாக்ஸ்'. கூகுள் எழுத்தின் உருவத்தைப் பார்த்துப் படிப்பதால் கொம்பு இடம் மாறாது. ஆனால் அட்டவணை கலைந்துவிடும்; காலும் 'ர'வும் குழம்பும். எண்களைக் கட்டாயம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்ட பழைய 'பாமினி' எழுத்துருவில் அடித்த கோப்புகள் வேறு ரகம். பாமினியில் அடித்த 'அம்மா', அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். கூகுள் டாக்ஸில் நம் எழுத்துருவை ஏற்ற வழியில்லை என்பதால் அங்கேயும் இதே கதிதான். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். பாமினி–யூனிகோடு மாற்றியில் ஒட்டினால் தமிழ் திரும்பிவிடும். இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் சேர்ந்தே உளறலாகிவிடும். அவற்றை முன்பே தனியே எடுத்து வையுங்கள்.

ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொண்டுவரும் மாணவர்களுக்கு: பி.டி.எஃப் எடுக்குமுன் 'பேஜ் செட்டப்'பில் ஏ4 (210 × 297 மி.மீ.) இருக்கிறதா என்று பாருங்கள். பல கோப்புகள் 'லெட்டர்' அளவில் (216 × 279) வருகின்றன. கடையில் ஏ4-க்கு மாற்றினால் வரிகள் நகரும், பொருளடக்கத்தின் பக்க எண்கள் பொய்யாகும்.

இணையத்தில் விண்ணப்பிக்கக் கோப்பின் அளவைக் குறைக்கும்போது, ஏற்கெனவே சுருக்கியதையே மறுபடி சுருக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் படம் இன்னும் மங்கும். முதலில் போவது முத்திரையும் பென்சில் குறிப்பும். அசல் தாளை 150–200 டி.பி.ஐ.யில் (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்), சாம்பல் நிறத்தில் ஸ்கேன் எடுத்தாலே பெரும்பாலும் போதும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

ஆதார் எண்ணின் மேல் கறுப்புப் பெட்டி வரைந்து அனுப்புகிறீர்கள். பல ஆன்லைன் கருவிகளில் அந்தப் பெட்டி மேலே ஒட்டிய தாள் மாதிரிதான். அடியில் இருக்கும் எண்ணை இழுத்துத் தேர்ந்தெடுத்தால் காப்பியாகிவிடும். ஆதார் தளத்திலேயே கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' கிடைக்கிறது. மாஸ்க்டு ஆதார் போதும் என்கிற இடத்தில் அதையே கொடுங்கள்.

டிரைவ் லிங்க் அனுப்புகிறவர்கள் 'ரெஸ்ட்ரிக்டட்' என்பதை 'எனிஒன் வித் த லிங்க்', 'வியூவர்' என்று மாற்றி அனுப்பவும். இல்லையென்றால் எங்களால் திறக்க முடியாது. பிரின்ட் கைக்கு வந்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
டி.டி.பி. பிரிவு